மெத்தைக் கடையில் நின்ற குறட்டை

மெத்தைக் கடைக்காரன் பொய் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் படுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

என் மகள் பள்ளி முடித்த வருஷம் அது. கல்லூரி விண்ணப்பத்தில் வணிகம், மருத்துவம் என்று இரண்டு கட்டம். ஒன்றில்தான் டிக் போடலாம். காலையில் டாக்டராக எழுந்திருப்பாள், சாயங்காலம் முதலாளியாக வீடு திரும்புவாள். பென்சிலால் போடுவாள், அழிப்பாள். ஒரே மாதத்தில் அந்தத் தாள் தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியின் நிறத்தைச் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது.

நான் வாயே திறக்கவில்லை. கடைப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் மகள்' என்று எழுத இடம் விட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்திருந்தான். மூன்றாவது பிறந்தநாளுக்கு.

விடுமுறையில் கடையில் உட்கார்ந்தாள். தலையணை உறை கேட்டு வந்த ஒருவர் கட்டிலோடு போனார். அதைப் போட வீட்டில் ஒரு சுவரை இடித்தார் என்று கேள்வி.

பிறகுதான் ஒரு பஸ் டிரைவர் வந்தார். இருப்பதிலேயே விலை கூடின மெத்தையில் படுத்துப் பார்த்தவர் தூங்கிப்போனார். குறட்டையில் அலமாரித் தலையணைகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்ந்தன. எதிர்க்கடைத் தையல்காரர் இடி இடிக்கிறதென்று வெளியே தொங்கவிட்ட சட்டைகளை உள்ளே எடுத்தார். திடீரென்று சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மகள் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இவர் மூச்சு விடல."

அரை நிமிஷம் கழித்து ஒரு திணறல், மறுபடி இடி. இருபது நிமிஷத்தில் பதினான்கு தரம் நின்றது என்று எண்ணிவிட்டு எழுப்பினாள். அவர் பணப்பையை எடுத்தார்.

"மெத்தை அப்புறம் வாங்கலாம்ணே. தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. வண்டி ஓட்டறப்ப கண்ணு சொக்குதா?"

அவர் தரையைப் பார்த்தார். "சிக்னல்ல நிக்கறப்ப மட்டும்தாம்மா."

கையோடு மாமாவின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். என் வியாபாரம் போயிற்று. "இவ பிறவி டாக்டர், அத்தான்" என்றான் அவள் மாமா. ஆனால் வாங்காதே என்று சொல்கிற கடை என்று பஸ் டிப்போவில் பேச்சுப் பரவி, பதினோரு டிரைவர்கள் வந்து மெத்தை வாங்கினார்கள். இதற்குப் பெயர்தான் வியாபாரம் என்றேன் நான். இரண்டு பேரும் அதே இருபது நிமிஷத்துக்கு உரிமை கொண்டாடினோம். "அப்ப நான் அன்னிக்கு என்னதான் பண்ணேன்?" என்று கேட்டாள். அவளுக்கு இருந்த குழப்பம் இரட்டித்துவிட்டது.

கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். மூன்றரைக்கு அதே டிரைவர் ஒரு பையோடு வந்தார். உள்ளே மூச்சுக்கான இயந்திரமும் முகமூடியும். இனி இதோடுதான் தூக்கம், அதனால் இதோடுதான் மெத்தையைப் படுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நியாயம். பிளக் போட்டுக் கொடுத்தோம். தூங்கினார்.

மகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து விடுதிக்காரர் ஒருவர் இருபது மெத்தைக்கு விலை பேச வந்தார். மொத்த வியாபாரத்தில் அவள்தான் கெட்டிக்காரி. இரண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி, சும்மா இருக்கச் சொன்னாள். நானே பேசி, நானே விற்றேன்.

நாற்பது நிமிஷம். ஒரு தரம்கூட நிற்கவில்லை. நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். இத்தனை நேரமும் மூச்சு நின்றிருந்தது அவளுக்குத்தானோ என்று தோன்றியது. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மருத்துவத்தில் டிக் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "ஏம்ப்பா, இருபது மெத்தைய அந்த ரேட்டுக்கா குடுத்தீங்க?"

"உன் காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு. எனக்கு மறுபடியும் கொழப்பமா இருக்கு."

"மணி நாலரை. ஓடு."

தெருமுனைக்குள் இரண்டு தரம் நின்று கடையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தரம் நிற்பதற்குள் நான் ஷட்டரை இறக்கிவிட்டேன். டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.