புதுத் தார்

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பயணிகள் யாரும் இல்லாத பேருந்து. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே, குழாய் பதித்து மூடிய பள்ளத்தின்மேல் ஓரத்துக்கு ஓரம் புதுத் தார் கறுகறுவென்று கிடந்தது. ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு மடியில் விழுந்திருந்தன.

பக்கத்து இருக்கையில் இருந்த, ஊரே கட்டைக்கால் என்று கூப்பிடும் பெரியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புதிதாகத் தோண்டி மூடிய மண் என்றால் அடியில் கண்ணிவெடி. போரில் இருந்தவன் உடம்பு இதை மறக்காது. அப்படியொரு மண்ணில்தான் அவர் தன் இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார். ஓட்டுநர் விட்டுவிட்டு வந்தது ஒரு லாரியையும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு பேரையும்.

போரிலிருந்து திரும்பியவர்களுக்கு, தூக்கம் வருகிறதா, ஆம், இல்லை என்று ஆஸ்பத்திரியில் படிவம் கொடுப்பார்கள். கட்டைக்காலுக்குக் காகிதத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்குள் சுருண்டு கிடப்பவனை இழுத்துவந்து தன் பஞ்சர் கடையில் உட்காரவைப்பார். டீ வாங்கிக் கொடுப்பார். அவனாகப் பேசும்வரை டயரோடு மல்லுக்கட்டுவார். இப்படிப் பதினாலு பேரை வேலைக்கு அனுப்பியிருக்கிறார். இவன் பதினைந்து.

"இது மூணாவது தடவை. இன்னைக்கும் ஓட்டலைன்னா வேலை இல்ல. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார், ஓட்டுவதைச் சோதித்துக் குறிப்பெழுதப் பின்னால் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர்.

"பேனாவை மூடுங்க சார். எஞ்சின் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்ற கட்டைக்கால் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "டேய், தண்ணிக் குழாய்டா அது. தோண்டுறப்ப ரெண்டு பேரும் நின்னு பாத்தோம்ல."

"தெரியுதுண்ணே. கால்தான் கேக்க மாட்டேங்குது."

"மனசைத் திடப்படுத்திட்டு ஏத்து."

"நீங்க மட்டும்?" ஓட்டுநர் மெதுவாகக் கேட்டான். "காலையில இதை மிதிக்காம பிளாட்பாரம் ஏறிச் சுத்திதான வந்தீங்க."

கட்டைக்காலுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷமாகப் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றிய விஷயம். பயல் பார்த்துவிட்டான்.

வண்டியை விட்டு இறங்கினார். தாரின் ஓரத்தில் நின்றார். கட்டையை முன்னால் வைத்திருக்கலாம். அது ஏமாற்று வேலை. வலது காலைத் தூக்கினார். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது. வைத்தார். செருப்பு தாரில் லேசாக ஒட்டியது. ஒரு மிதி மிதித்தார். இன்னொன்று. பிறகு, போர்க்காலத்தில் வண்டிகளுக்கு வழி காட்டியதுபோல் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, வா என்று அசைத்தார்.

பின்னால் ஹாரன்கள். எவனோ கத்தினான்: "பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். பொத்திட்டு நில்லு."

பேருந்து அசைந்தது. முன்சக்கரம் தாரில் ஏறியது, பின்சக்கரமும். அவர் முன்னே நடந்தார், விந்தி விந்தி, அரசன் வருகிறமாதிரி. சற்றுத் தள்ளிக் கிடந்த அடுத்த தார் ஒட்டையும் மிதித்தார். அதற்கடுத்ததையும். அங்கே தார்மேலேயே ஓரமாக ஒதுங்கி நின்று கையை வீசினார்.

வண்டி அவரை ஏற்றிக்கொள்ள நிற்கவில்லை. கியர் மாறியது. ஜன்னலில் மேற்பார்வையாளர் திகைத்துக் கை காட்டினார். சாலை நெடுக இன்னும் எட்டுக் கறுப்புக் கோடுகள். தடதடவென்று ஒவ்வொன்றாகத் தாண்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டு, வலது கால் வெதுவெதுப்பான தாரில் அழுந்தியிருக்க, கட்டைக்கால் நின்றுகொண்டிருந்தார்.