வில்பர்ட் லாட்னருக்கு வந்த கடிதங்கள்

ஒடீல் லாட்னரையும் அவர் கணவர் வில்பர்ட்டையும் எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். பிலக்ஸி நகரக் கடற்கரைச் சாலையில் நான் வேலை பார்க்கும் கேசினோவுக்கு அவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார்கள். காலை பதினொரு மணிக்கு வில்பர்ட்டின் பழைய பிக்கப் வண்டி உள்ளே நுழையும். அவர் இறால் படகுகளுக்குப் பனிக்கட்டி கொண்டுபோகும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒடீல் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்றவர். இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது.

வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பெயர் சொல்லி வரவேற்பேன், பிறந்தநாளுக்கு வாழ்த்துவேன், கொஞ்ச நாள் வராவிட்டால் போன் செய்வேன். வாராவாரம் அவர்களுடைய வீட்டுக்குப் போகும் கடிதங்களை எழுதுவதும் அனுப்புவதும் கம்ப்யூட்டர்தான். ஆனால் அடியில் அச்சாகியிருக்கும் கையெழுத்து என்னுடையது. 'அன்புடன், லோர்னா.'

அந்தக் கடிதத்தில் லாட்னர் தம்பதிக்கு ஆளுக்கு இருபது டாலர் இலவச ஆட்டம் இருக்கும். ஸ்லாட் மெஷினில் அவரவர் பெயருக்குள்ள உறுப்பினர் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தினால் இருபது டாலர் ஏறிவிடும். அதைப் பணமாக எடுக்க முடியாது, ஆடித்தான் தீர்க்க வேண்டும். ஆடியதில் என்ன ஜெயித்தோமோ அது மட்டும் நம்முடையது. பெரும்பாலானவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள். ஓசிப் பணம் தீர்ந்த சூட்டில் சொந்தப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுப்பார்கள். பிறகு இன்னொன்று. லாட்னர் தம்பதி நிற்பவர்கள். இருபதை ஆடி முடித்து, வந்த சில்லறையை வாங்கிக்கொண்டு, கூப்பன் கொடுத்து பஃபேயில் வறுத்த மீனும் கம்போ சூப்பும் சாப்பிட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள்.

"என்ன லோர்னா, உங்க முதலாளிய கொள்ளையடிக்க வந்துட்டோம்" என்பார் வில்பர்ட்.

"நல்லா அடிங்க மிஸ்டர் வில்பர்ட். என் சம்பளத்துக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"அவர் பேச்சைக் கேக்காத கண்ணு" என்பார் ஒடீல். "போன வாரம் பதினாலு டாலர் ஜெயிச்சாரு. பெட்ரோலுக்குப் பன்னெண்டு ஆச்சு. கொள்ளைக்காரன் மூஞ்சியப் பாரு!"

எங்கள் மேலாளர் கிரேடி ஒருமுறை அந்த வருடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்களை மாதிரி ஓசியை மட்டும் ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கு எதற்குக் கடிதம் அனுப்புகிறோம் என்று நான் கேட்டேன். அவர்களால் எங்களுக்கு நஷ்டம்தானே?

"இன்னைக்கு நஷ்டம்தான்" என்றார் கிரேடி. கெட்ட மனிதர் அல்ல. ஒவ்வொரு வேலைக்காரருடைய பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும். "ஆனா லோர்னா, எல்லார் வீட்லயும் ஒரு நாள் ஏதாவது நடக்கும். வேலை போகும், புருஷன் போவான், புள்ள சண்டை போட்டுட்டுப் போயிடும். அன்னைக்கு வீட்ல உக்கார முடியாம கால் எங்கயாவது போகும்ல? அந்தக் கால் நம்ம வாசலுக்கு வரணும். அதுக்குத்தான் இந்த இருபது டாலர்."

நான் சிரித்தேன். அப்போது அது எனக்குக் கெட்டிக்காரத்தனமான பேச்சாகத்தான் பட்டது.

வில்பர்ட் ஒரு பிப்ரவரி மாதம் இறந்தார். வீட்டு முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதயம். அடக்கத்துக்கு நான் சர்ச்சுக்குப் போயிருந்தேன். ஒடீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்ட பேசுறதுக்காகவே செவ்வாய்க்கிழமை சட்டைய தேய்ச்சுப் போடுவாரு" என்றார். பக்கத்தில் மொபீல் நகரத்திலிருந்து வந்திருந்த மகள் கமீல் நின்றாள். யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

இறந்தவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பிக் கொடுத்தால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். மறுநாள் செய்ய நினைத்தேன். அந்த வாரம் மார்டி கிரா திருவிழாக் கூட்டம். மறந்துபோனேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மறந்துபோனேன்.

கம்ப்யூட்டருக்குச் சாவு தெரியாது. தவறாமல் வந்த ஒருவர் வராமல் போனது மட்டுந்தான் தெரியும். மார்ச்சில் அது வில்பர்ட்டுக்கு நாற்பது டாலர் அனுப்பியது. ஏப்ரலில் எழுபத்தைந்து. 'வில்பர்ட், உங்களைக் காணாமல் ஏங்குகிறோம். உங்கள் இருக்கை காலியாகவே இருக்கிறது. அன்புடன், லோர்னா.'

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒடீல் தனியாக வந்தார். தானே பிக்கப்பை ஓட்டி வந்திருந்தார். தன்னுடைய மெஷினைத் தாண்டிப் போய் வில்பர்ட் உட்காரும் மெஷினில் உட்கார்ந்தார். பையிலிருந்து கார்டை எடுத்துச் செருகினார். திரையில் பெரிய மஞ்சள் எழுத்துகள் ஓடின. 'மீண்டும் வருக, வில்பர்ட்!'

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அடுத்தவர் கார்டில் ஆடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் பேசியிருக்க வேண்டும். அருகில் போய்த் தோளில் கை வைத்து, மிஸ் ஒடீல், வாங்க, ஒரு காபி குடிக்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தைப் பார்த்தேன். சர்ச்சில் பார்த்ததற்குப் பிறகு முதல்முறையாக அந்த முகம் இளகியிருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

போகும்போது அவரே சொன்னார். "வீட்ல யாரும் அவரு பேரச் சொல்றதில்ல கண்ணு. கமீல் போன் பண்ணினா 'அப்பா'ன்னு ஆரம்பிப்பா, அப்புறம் வானிலை பத்திப் பேசுவா. பாதிரியாரு 'காலஞ்சென்றவர்'ங்கிறாரு. இங்கதான் அவரு இன்னும் வில்பர்ட்டா இருக்காரு."

"எப்ப வேணாலும் வாங்க மிஸ் ஒடீல்" என்றேன்.

அவர் வந்தார். செவ்வாய், பிறகு வெள்ளியும். இலவச ஆட்டம் தீர்ந்து கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தால் திரையில் பெயர் மறைந்து விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அவர் ஆடினார். முதலில் ஜெயித்த சில்லறையைப் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு இருபது. ஜூன் மாதம் அவர் நூறு டாலர் நோட்டை நீவிவிட்டு மெஷினுக்குள் கொடுப்பதைப் பார்த்தேன். ஆட ஆடக் கம்ப்யூட்டர் கணக்கில் வில்பர்ட்டின் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏற ஏறக் கடிதங்கள் கனத்தன. நூற்றிருபது டாலர் ஆட்டம், இரண்டு பேருக்கு இரவு விருந்து, ஓட்டல் அறை. செத்துப்போன மனிதர் எங்கள் நல்ல வாடிக்கையாளர்களில் ஒருவராகிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவதை ஒடீலிடம் சொல்லவே எனக்கு வெகுநாள் ஆனது. வராமல் போனவர்களைத் திரும்ப வரவழைத்தால் எங்களுக்குத் தனியாக ஊக்கத்தொகை உண்டு. ஜூலை மாத ஊக்கத்தொகைச் சீட்டில் என் பெயருக்கு எதிரே வில்பர்ட் லாட்னரின் பெயர் இருந்தது. அந்தப் பணத்தில் நான் காருக்கு நான்கு புது டயர் மாட்டினேன். இறந்தவர்களுக்கான அந்தப் படிவம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நிரப்ப இரண்டு நிமிடம் போதும்.

செப்டம்பர் பன்னிரண்டு வில்பர்ட்டின் பிறந்தநாள். காலையில் கிரேடி உற்சாகமாக என் மேசைக்கு வந்தார். கையில் நல்ல வாடிக்கையாளர்களுக்குப் பரிசாகத் தரும் ஜாக்கெட் பெட்டி.

"லாட்னர் இன்னைக்கு வர்றாரா? என்னம்மா இது, இருபது டாலர் ஆளு இந்த நிலைமைக்கு வந்துட்டாரு! நானே போய் கைகுலுக்கி ஜாக்கெட்டக் குடுக்கிறேன். நீ பொறந்தநாள் கேக்கை எடுத்துட்டு வா."

"கிரேடி..." என்றேன்.

"வா வா, ஏற்கெனவே அவரு கார்டு மெஷின்ல இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது."

ஒடீல் நீல நிறப் பட்டு கவுன் அணிந்து, உதட்டுச் சாயம் பூசி, முத்துமாலை போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பலூன்கள் பறந்தன. 'பிறந்தநாள் வாழ்த்துகள், வில்பர்ட்!' கிரேடி சிரித்தபடியே சுற்றும் பார்த்தார். "மிஸ்டர் லாட்னர் எங்கம்மா? பாத்ரூம் போயிருக்காரா?"

ஒடீல் என்னைப் பார்த்தார். பிறகு கிரேடியைப் பார்த்து, "அவரு பிப்ரவரியிலேயே போயிட்டாரு" என்றார்.

கிரேடியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கீழே இறங்க அதற்கு வழி தெரியவில்லை. "அப்போ... இந்தக் கார்டுல ஆடுறது..."

"நான்தான்."

"அம்மா, அது கூடாதும்மா. சட்டப்படியே தப்பு."

"நீங்கதானே கூப்பிட்டீங்க?" ஒடீலின் குரல் உயரவில்லை. கைப்பையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டை வெளியே எடுத்தார். ஒன்றை உருவி வாசித்தார். "'வில்பர்ட், நீங்கள் இல்லாமல் இங்கு எதுவும் முன்போல இல்லை.' இது யாரு எழுதினது? நான் எழுதலையே."

கிரேடி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"சர்ச்சுக்குப் போயிருந்தேன்."

பக்கத்து மெஷின்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரேடி விதிப்படி செய்தார். கார்டை உருவினார். அன்றைய ஆட்டத்தில் மெஷினில் இருந்த தொகை செல்லாது என்றார். இரண்டு கார்டுகளும் ரத்து, ஒடீல் இனி உள்ளே வரக்கூடாது. சொல்லும்போது அவருக்கு வியர்த்தது. ஜாக்கெட் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் ஒடீலை வண்டிவரை கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வெயில் சுட்டது. கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, "எவ்வளவு போச்சு மிஸ் ஒடீல்?" என்று கேட்டேன்.

"அவரோட இன்சூரன்ஸ் பணம் முழுசும்" என்றார். "கல்லறைக்குக் கல்லு வைக்கணும்னு எடுத்து வச்சிருந்ததும் சேத்து. கமீலுக்குத் தெரியாது." சாவியைப் போட்டார். திருப்பவில்லை. "எல்லாருக்கும் முன்னாடி, லோர்னா. திருடி மாதிரி. அதுவும் அவரு பொறந்தநாளுல."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை. ஊக்கத்தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலையே படிவத்தை நிரப்பினேன். 'இறந்த தேதி' என்ற கட்டத்தில் பேனா நின்றது. வாய்விட்டு அழுதேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. ஒடீல் கதவைத் திறந்தார், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், ஊக்கத்தொகை, டயர்.

அவர் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "முதல் நாள் நீ என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டல்ல. நான் கவனிச்சேன்."

"ஆமா."

"நீ எம்மேல இரக்கப்பட்டுதான் போறன்னு நெனச்சேன்."

"இரக்கமும் இருந்துச்சு மிஸ் ஒடீல்."

"ம்" என்றார். "இருந்திருக்கும். அதான் என்னால உன்மேல ஒழுங்கா கோவப்பட முடியல. கோவப்பட்டா நல்லா இருந்திருக்கும்."

டயர் பணத்தை உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. கல்லறைக் கல்லுக்கு என்றேன். "அது என் வேலை" என்று உறையை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு எழுந்துபோய் அலமாரியில் இருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு கேசினோவிலிருந்து வந்தது. ஒடீல் பெயருக்கே வந்திருந்தது. ஐம்பது டாலர் இலவசம்.

"போன வாரம் போனேன்" என்றார். "அங்க அவரு பேரு வராது, தெரியும். தெரிஞ்சும் போனேன். அவருக்காகத்தான் போறேன்னு இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன் பாரு." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "இப்ப யாருக்காகப் போறேன் கண்ணு?"

மாநிலச் சூதாட்டக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. தன்னை எந்தக் கேசினோவிலும் விடக்கூடாது என்று ஒருவர் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். நான் அதைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் யாரும் வாடிக்கையாளர்களிடம் முந்திக்கொண்டு அதைச் சொல்வதில்லை. ஒடீல் அந்தக் கடிதத்தை மடித்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்தார். நவம்பரில் ஒருநாள் போன் செய்து, "என்னைக் கூட்டிட்டுப் போறியா? தனியாப் போனா வண்டி வேற பக்கம் திரும்பிடும்" என்றார். போனோம். அங்கிருந்த இளம்பெண் அவரைப் புகைப்படம் எடுத்தாள். ஒடீல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்திட்டார்.

அதன் பிறகுதான் மகளிடம் சொன்னார். கமீல் கத்தவில்லையாம். வீட்டை விற்றுவிட்டு அம்மா மொபீலுக்கு வருவது என்று முடிவானது.

சாமான் ஏற்றும் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கமீலின் கணவர் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினேன். கமீல் வந்து நின்று என்னையே பார்த்தாள். சர்ச்சில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொள்ள முயல்கிறாள் என்று புரிந்தது.

"மன்னிச்சுக்கங்க, நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

என் கை தட்டோடு நின்றது. அந்தக் கடிதங்களின் அடியில் இருக்கும் பெயர் என்னுடையதுதான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். ஒடீல் அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"உங்கப்பாவத் தெரிஞ்சவங்க."

கமீல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு தாளை உருவி, கிண்ணம் ஒன்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.