யார் முதலில் நிறுத்துவது

ரஷ்ய வழக்கப்படி, ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் புதன்கிழமை, மாமியார் கையால் மருமகன் பிளினி என்னும் மெல்லிய தோசை சாப்பிட்டாக வேண்டும். மருமகன் க்லேபோடு அவன் வீட்டார் முப்பது பேரும் வந்திருந்தார்கள். மாமியார் கபிதொலினா காலையிலிருந்து மூன்று வாணலிகளில் மாவை ஊற்றுவதும் திருப்புவதுமாக இருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் சம்பந்தி வீட்டார் போதும் என்று சொல்லுமுன் அடுப்பை அணைத்தால், பெண் கொடுத்த வீட்டில் மாவு தீர்ந்துவிட்டது என்று ஊர் பேசும்.

க்லேப் வெளிறிய முகத்துடன் சமையலறைக்குள் வந்தான்.

"அத்தை, உங்களைக் கும்பிடுறேன், நிறுத்துங்க. எல்லாருக்கும் மூச்சு முட்டுது."

"உங்கம்மா இன்னும் தட்டை நீட்டுறாங்களே, மாப்பிள்ளை?"

"நீங்க சுடுறீங்களேன்னு நீட்டுறாங்க. வேண்டாம்னா உங்க கைப்பக்குவத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமாம்."

"அவங்க சொல்லட்டும், நிறுத்துறேன். நானா நிறுத்த மாட்டேன்."

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க!"

அவன் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானே மாவை ஊற்றினான். தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. பிளினி வாணலியில் ஒட்டிக் கருகியது. புகை கூடத்துக்குப் போனதும், அவன் தாய் ரயீசா மூச்சு வாங்க வந்து கதவருகே நின்றாள்.

"என் பிள்ளையை அடுப்புல நிக்கவச்சுட்டு நான் உக்காந்து தின்பேனா? போதும் சம்பந்தி, அணைங்க."

"உங்க விருப்பம்" என்றாள் கபிதொலினா.

ரயீசா திரும்பிப் போகும்வரை நிமிர்ந்தே நின்றாள். பிறகு பக்கத்திலிருந்த முக்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.