மூன்று அறைக் காய்

1951ஆம் வருஷம் மாசி மாதம், மலாயாவில் மந்தினுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இலைகூட இல்லாத கித்தா என்னும் ரப்பர் மரங்களில் காய் வெடித்தது. பால்வெட்டு வேலை செய்த முத்தாயிக்கு வயிறு எரிந்தபோதெல்லாம் வெடித்தது. மற்ற நேரங்களில் வெடிக்கவில்லை.

அவள் புருஷன் பெயர் சன்னாசி. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. மேல் டிவிசனில் முத்தாயி, குன்றுக்கு அந்தப் பக்கம் கீழ் டிவிசனில் நீலாவதி என்று இரண்டு குடித்தனங்களைப் பதினோரு வருஷம் சைக்கிளிலேயே நடத்தினான். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வீட்டில் இருக்கவேண்டிய அந்த நாட்களிலும், "கீழ மழ இல்லியாம், ஆள் கூப்புடுறாங்க" என்று கிளம்பிவிடுவான். முத்தாயி நம்பினாள். எதற்கும் ஒரு கதை வைத்திருப்பவள் அவள். மழை மேல் டிவிசனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண், சக்களத்தி இருக்கும் திசையில் கால் வைக்கமாட்டாள் என்று பால் நிறுக்கும் இடத்தில் சொல்வாள். கித்தாக்காய் ஏன் வெடிக்கிறது என்பதற்கும் தோட்டத்தில் அவள் கதைதான் செல்லுபடியானது. இரண்டு பெண்டாட்டிக்காரன் ஒருவன் சாமியிடம் வீடு கேட்டான். சாமி, கித்தாக்காய்க்குள் இருப்பதுபோல மூன்று அறை கொடுத்தது, கதவு கொடுக்கவில்லை. புருஷன் எந்தச் சுவரைத் தட்டுகிறான் என்று பெண்டாட்டிகள் இருவரும் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சூடேறி, உச்சி வெயிலில் வீடே வெடித்து ஆளுக்கொரு மூலையில் விழுந்தார்கள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

பிறகு அவசரகாலம் வந்தது. காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று எல்லா லயங்களையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சந்திரன் எழுதினார். சன்னாசிக்கும் ஒன்றுதான். முத்தாயி நீலாவதியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தன்னைவிட அழகில்லை என்பது அவளை இன்னும் எரித்தது. அன்று சாயங்காலம் நீலாவதி ஊற்றிய குழம்பைச் சாப்பிட்டுச் சன்னாசி நன்றாயிருக்கிறதென்று தலையாட்டினான். பின்னாலிருந்த மொட்டை மரத்தில் காய் வெடித்து, விதை தகரக்கூரையில் உருண்டது. துப்பாக்கிச் சத்தமென்று நினைத்துக் காவல் கோபுரத்துச் சிப்பாய் மரத்தைச் சுட்டான்.

ஒரு மாதம் இப்படியே போனது. சன்னாசி லயத்தில் இருக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்று சிப்பாய்கள் கண்டுபிடித்தார்கள். காட்டுக்குச் சைகை கொடுக்கிறான் என்று பிடித்துப்போய் டவுன் லாக்கப்பில் வைத்தார்கள். அவன் போனதும் சத்தம் நின்றது. நின்றதே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. வெள்ளைக்கார ஆபீசர் கடைசியாக ஒருமுறை வந்து பார்ப்பார், அப்புறம் சன்னாசியை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றார் கிராணி. அவன் இல்லாதபோதும் காய் வெடித்துவிட்டால் போதும் என்று முத்தாயி மரத்தடியில் உட்கார்ந்து, வயிறு எரிவதற்காக அந்தக் குழம்பை நினைத்துப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

ஆபீசரின் ஜீப் வேலிக்குள் நுழைந்தபோது அவள் நீலாவதியைக் கூப்பிட்டாள். "எனக்குத் தெரியாதது ஏதாச்சும் இருந்தா சொல்லு புள்ள. வயிறு எரியணும்."

"வேணாங்க்கா."

"அவரு திரும்பி வரணுமா, வேணாமா?"

நீலாவதி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மழ நாளுன்னா எங்கிட்டதான் இருப்பாரு. மேல பேயுற மழ கீழயும் பேயுங்க்கா. ஒரு நாளும் பேயாம இருந்ததில்ல."

முத்தாயி பதினோரு வருஷத்து மழையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். குன்றின் இரு பக்கமும் ஒரு மரம் விடாமல் வெடித்தது. ஆபீசர் ஜீப்புக்கு அடியில் படுத்தார். எழுந்தபோது தொப்பி நிறைய விதை கிடந்தது. ஆள் லாக்கப்பில் இருக்கும்போது சத்தம் இங்கே வருகிறதே என்று யோசித்து, மறுநாள் சன்னாசியை விட்டுவிட்டார்.

அவன் வந்த அன்று மழை. "இன்னிக்கி வேல இல்லலா" என்று பாயை விரித்தான்.

"கீழ மழ இல்லியாம், போவலியா?" என்று கேட்டாள் முத்தாயி. வெளியே காய் வெடித்தது. கோபுரத்துச் சிப்பாய் இந்தமுறை துப்பாக்கியைத் தொடவில்லை.

1960இல் வேலியைப் பிரித்தார்கள். முத்தாயி தனியாக ஓர் அறை வாங்கிக்கொண்டாள். மழை நாட்களில் அவள் கூரைமேல் விதை விழும். நனைந்த காய் வெடிக்காது என்று புதிதாக வந்த மேனேஜர் சொன்னார். தோட்டத்தில் யாரும் அவரோடு வாதாடவில்லை. மழையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.