தையலக்காவின் வீட்டை இழுத்துப் பிடித்த வண்டி

தையலக்காவின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல்குவாரியை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. காற்று இல்லை, மழை இல்லை, நிலமும் அதிரவில்லை. உள்ளே அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி வழக்கம்போல ஏறி இறங்கியது, தட்டிலிருந்த பொத்தான்கள்கூட உருளவில்லை. பால்காரர்தான் முதலில் பார்த்தார். கேட் இருந்த இடத்திலேயே இருந்தது, வாசற்படி மட்டும் பின்வாங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே இதுவரை வெயில் காணாத கறுத்த மண் ஒரு பட்டையாகத் தெரிந்தது, அதில் மண்புழுக்கள் கூச்சத்தோடு நெளிந்தன. கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி விறைத்துப்போயிருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு ஒரு முழம். அதற்கடுத்த நாளும். நகராட்சி சர்வேயர் டேப்போடு வந்து பின்சுவரிலிருந்து குவாரி விளிம்பு வரை அளந்து, நாற்பது நாள் மிச்சம் என்று நீல மையில் எழுதினார். குவாரித் தண்ணீரில் கல் கட்டி ஒரு கயிற்றை இறக்கினார். கயிறு தீர்ந்துபோனது, ஆழம் தீரவில்லை. அதையும் எழுதி, கார்பன் பிரதியைக் கிழித்து அவளிடம் கொடுத்து, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார்.

தையலக்காவின் தம்பியை ஊரில் கொக்கி என்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்து கழுத்தருகே வளைந்திருந்ததால் அந்தப் பெயரா, பழுதான வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுக்கிற தொழிலால் வந்த பெயரா என்று யாருக்கும் தெரியாது. அவன் பயந்தாங்கொள்ளி. அதை மறைத்ததும் இல்லை. பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்க்காமல் எந்த இறக்கத்திலும் இறங்கமாட்டான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்டுவான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் கையிலிருந்து ஒரு வண்டிகூட நழுவியதில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தப் பயம்தான். அக்காவின் வீடு நகர்கிறது என்று கேள்விப்பட்டதும் அக்காவையும் தையல் மெஷினையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அங்கேதான் நிஜமான பயம் தொடங்கியது. மறுநாள் காலை எழுந்தபோது அக்காவின் பாய் விரித்த இடத்திலேயே இருந்தது, அக்கா பாயை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தாள். இரண்டாம் நாள் இன்னொரு முழம். மூன்றாம் நாள் அவளுக்கும் குவாரிக்கும் நடுவே கொக்கி வீட்டுச் சுவர் வந்துவிட்டது. தோளும் இடுப்பும் சுவரில் அழுந்தி, யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவதுபோல அவள் மூச்சுத் திணறினாள். கொக்கியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அசைக்க முடியவில்லை. அந்த ஒரு முழம் முடிகிற வரை அழுத்தம் விடவில்லை. தோளில் முட்டை அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. வீடு எவ்வளவு நகர்கிறதோ அவளும் அவ்வளவு நகர்ந்தாக வேண்டும், எங்கே இருந்தாலும் சரி. இதைப் புரிந்துகொண்டதும் தையலக்கா மெஷினை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். "அங்க இருந்தா சுவராவது என்கூட வரும்" என்றாள். வீடு தண்ணீருக்குள் போகிற நாளைப் பற்றி அவள் பேசவில்லை.

கொக்கியிடம் அப்போது இருந்தது ஒரு பழைய வண்டி. வெல்டரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு, மேட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி, சங்கிலி மாட்டி இழுத்தான். வீடு அரை அடி மேலேறியது. பிறகு வண்டியின் இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வீடு தன் அரை அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இருபத்தொன்பது நாள் மிச்சமிருந்தது. குவாரி விளிம்பில் பழைய லாரி விற்கிறவரின் கொட்டகை இருந்தது. வீடு இறங்கி வந்தால் முதலில் இடிபடுவது அதுதான் என்பதால், அவர் இரண்டு இழுவை வண்டிகளை வெளியே நிறுத்தி, எது வேண்டுமோ ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ஒன்று பெட்ரோல், வெள்ளை. இன்னொன்று டீசல், மண்ணின் நிறம். கொக்கிக்கு இரவெல்லாம் தூக்கம் போனது. தப்பாக எடுத்துவிட்டால் அக்கா போய்விடுவாள் என்பதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

அவன் மனைவி பெட்ரோல் பக்கம். பழுதான வண்டிக்காரர்கள் கூப்பிடுகிற போனை இத்தனை வருஷமாக எடுத்து வந்தவள் அவள். குளிர்காலத்துக் காலைகளில் எந்த வண்டி கிளம்பியது, எது கிளம்பவில்லை என்ற விவரமெல்லாம் அவளுக்கு அத்துபடி. "சாவியைத் திருப்புனா ஸ்டார்ட் ஆகணும். அண்ணி தண்ணிக்குப் பக்கத்துல நிக்கறப்ப இன்ஜின் சூடாகட்டும்னு காத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் மெக்கானிக். அவர் டீசலைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. "மாப்பிள்ளை, ஓடறது வேற, இழுக்கறது வேற. பெட்ரோல் கத்திக் கத்தித்தான் இழுக்கும். டீசல் முனகிக்கிட்டே இழுத்துரும்" என்றார். இருவர் சொன்னதும் கொக்கிக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

முதலில் பெட்ரோல் வண்டியைக் கட்டினான். தொட்டதும் கிளம்பியது, வெண்ணெய் மாதிரி ஓடியது. வீடு ஒரே காலையில் ஐந்தடி மேலேறியது. உள்ளே தையலக்கா தையலை நிறுத்தவே இல்லை. ஒரு அதிர்வுகூட இல்லை என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் ஏற்றிய வீட்டைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சங்கிலி வண்டியையே பின்னுக்கு இழுத்தது. மிதித்தபடியே இருந்தான். மத்தியானத்துக்குள் டேங்க் காலியாகும் நிலைக்கு வந்தது, ஓடுகிற பெட்ரோல் வண்டிக்குள் பெட்ரோல் ஊற்ற யாருக்கும் தைரியம் இல்லை. சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அணைத்த மாத்திரத்தில் வீடு ஏழடி கீழே போனது, வண்டியையும் கொக்கியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. டயர்கள் பூட்டிக்கிடந்தபடியே ரோட்டில் தேய்ந்து கோடு போட்டன. அவன் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனும் மறுக்கவில்லை.

மறுநாள் டீசல். கிளம்புவதற்கே நேரம் எடுத்தது, கிளம்பியதும் தெரு முழுக்கப் புகை. ஆனால் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டதும் சங்கிலி விறைத்து, வீடு மெதுவாக மேலேறி, நின்றது. நின்றே விட்டது. வண்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. முள் பாதிக்கு மேல் நகரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்கில் டீசல் ஊற்ற முடிந்தது. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு தங்கையை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் வீட்டிலிருந்து வந்த மெஷின் சத்தம் நின்றுபோனது. கொக்கி ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். தையலக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜினின் நடுக்கம் சங்கிலி வழியாகச் சுவருக்கும், சுவரிலிருந்து அவளுக்கும் இறங்கியிருந்தது. விரல்கள் இன்ஜினின் அதே தாளத்தில் துடித்தன. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வெளியே கூட்டிவந்து இரண்டு தெரு தள்ளி நடக்க வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே துடிப்பு.

முப்பத்தைந்து வருஷத் தையல் அந்தக் கை. கொக்கி சங்கிலியை அவிழ்க்கப் போனான். பெட்ரோல் வண்டி இரண்டை வாங்கி மாற்றி மாற்றி நிறுத்தலாம், மூன்றை வாங்கலாம் என்று என்னென்னவோ உளறினான். தையலக்கா வாசலில் நின்றுகொண்டு, "டேய், அதைத் தொடாதே" என்றாள்.

"அக்கா, உன் கை..."

"கை நடுங்கினா தையல் கோணும். அவ்வளவுதானே? நீ நேத்து என்னை ஏழடி கீழ விட்டியே, அப்ப ஜன்னல்ல தண்ணி தெரிஞ்சுதுடா. பச்சையா. இனிமே அதை நான் பார்க்க மாட்டேன்."

அதோடு முடிவானது. டீசல் வண்டி மேட்டு ரோட்டில் நின்றது, அணைக்கப்படவில்லை. பெட்ரோல் வண்டியை மனைவி எடுத்துக்கொண்டாள். கொக்கி டீசலை விட்டு நகர முடியாதென்பதால், பழுதான வண்டிகளை இழுக்கிற தொழில் அவள் கைக்கு வந்தது. அவள் அவனைவிட வேகமாக ஓட்டினாள். பிரேக்கை ஒரு தடவைகூட மிதித்துப் பார்ப்பதில்லை என்று அவன் அனத்துவான்.

பத்து நாளைக்கு ஒரு முறை டீசலுக்கு ஆயில் மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினை அணைத்தாக வேண்டும். அந்த நாற்பது நிமிஷம் பெட்ரோல் வண்டி வீட்டைப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை மாற்றிய நாளை ஊர் இன்னும் மறக்கவில்லை. மனைவி பெட்ரோல் வண்டியின் ஸ்டீரிங்கில் இருந்தாள். மெக்கானிக் டீசலுக்கு அடியில் படுத்திருந்தார். கொக்கி இரண்டுக்கும் நடுவே சங்கிலியைப் பிடித்தபடி நின்றான், ஏதோ அவன் கைபலத்தில்தான் வீடு நிற்கிறது என்பதுபோல. இருபதாவது நிமிஷத்தில் ஆயில் வடிகிற துளையை மூடும் நட்டு மெக்கானிக்கின் வழுக்கும் விரல்களிலிருந்து நழுவி இறக்கத்தில் உருண்டு சாக்கடைக்குள் போனது. தெருவே குப்புறப்படுத்துச் சாக்கடையைத் துழாவியது. பெட்ரோல் வண்டி கத்தத் தொடங்கியது. மனைவி ஜன்னல் வழியாக, "முள்ளு சிவப்புக்குப் போகுது! அண்ணா, என்ன பண்றே?" என்று அலறினாள். வீடு ஒரு விரல் நகர்ந்தது. இரண்டு விரல். உள்ளே தையலக்கா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நடுக்கம் நின்ற கையை வெறித்துப் பார்த்துக்கொண்டு. நட்டைக் கண்டெடுத்தவர் சர்வேயர். முழங்கை வரை சேறோடு கொண்டுவந்து கொடுத்தார். நட்டை முறுக்கி, ஆயிலை ஊற்றி, கொக்கி சாவியைத் திருப்பினான். கிளம்பவில்லை. மறுபடி திருப்பினான். பெட்ரோல் வண்டியின் பானெட்டுக்கடியில் ஏதோ வெடித்து ஆவி பீறிட்டது, வீடு சடாரென்று மூன்றடி சரிந்தது. கொக்கிக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. மூன்றாவது தடவை திருப்பியபோது டீசல் கனைத்துக்கொண்டு எழுந்தது. சங்கிலி விறைத்தது. வீட்டுக்குள்ளிருந்து தையலக்கா, "வந்துடுச்சு, கைநடுக்கம் வந்துடுச்சு!" என்று கத்தியது கடைத்தெரு வரை கேட்டது. அதற்குப் பிறகு மெக்கானிக் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு நட்டு வைத்துக்கொண்டார். பெட்ரோல் வண்டிக்குப் பெரிய ரேடியேட்டர் வந்தது.

ஒன்பது வருஷம் போனது. இப்படி ஓய்வில்லாமல் ஓடுகிற இன்ஜின் மூன்றாம் வருஷமே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார், அது உட்காரவில்லை. மேட்டு ரோட்டில் பஸ்கள் ஒதுங்கிப் போகப் பழகின. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள், இரண்டாம் வாரம் அந்தச் சத்தம் இல்லாத இடங்களில் தூக்கம் வரவில்லை என்றார்கள். தையலக்கா நேரான தையலை விட்டுவிட்டுத் திரைச்சீலைக்கும் போர்வைக்கும் மாறினாள். கொக்கி வண்டியிலேயே சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கி, எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பார்த்தான். அவனுடைய பயம் குறையவில்லை. இன்ஜின் சுருதி மாறினால் அவனுக்கு முன்பே அவள் விரல்களுக்குத் தெரிந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்ட ஒரு நாள் அவள்தான் வெறுங்காலோடு ஓடிவந்து சொன்னாள்.

பத்தாம் வருஷம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தாள். அக்கறையானவள். தையலக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு மாத்திரை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். தையலக்கா ஒரு வியாழக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குக் கை அசையாமல் நின்றது. முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோர்த்தாள். அந்த ஆச்சரியத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஜன்னலருகே வந்து கையை வெளியே நீட்டினாள்.

கொக்கி அந்த அசையாத கையைப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே போட்டார். சாவியைத் திருப்பினான், ஓடுகிற இன்ஜின் கரகரவென்று கத்தியது. கீழே குதித்தான், சங்கிலியைப் பிடித்தான், இறக்கத்தில் ஓடினான், திரும்பி ஓடிவந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பது அவன் மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. பிறகு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

தையலக்கா வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திரைடா" என்றாள். "டாக்டரம்மா கொடுத்தது."

"தூக்கிப் போடுக்கா" என்றான் அவன். "உனக்குப் புண்ணியமாப் போகும். தூக்கிப் போட்டுரு."

அவள் உள்ளே போய், நூல் கோர்த்த அந்த ஊசியால் இருட்டுகிற வரைக்கும் ஒரு வெள்ளைச் சட்டையைத் தைத்தாள். நூல் பிடித்த மாதிரி நேரான தையல். பிறகு மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். வெள்ளிக்கிழமை காலை கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. கொக்கி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் காலையிலிருந்து தொடாத சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தான்.