பை தூக்கிய கேடி

"கீழ ரெண்டு எடத்துல போடு. சாப்பாடு ஆறுது."

கணவன் சாப்பாட்டு மேசையில் அவள் தட்டை நகர்த்திவிட்டு ஒரு தாளை வைத்தான். பேனாவைத் திறந்தும் கொடுத்தான். எதிரே மாமியார் உட்கார்ந்திருந்தாள். இந்த ஆறு வருஷத்தில் அந்த வீட்டு மருமகள் எந்தத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. படித்தால் புருஷனைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். அந்த வீட்டு வழக்கம் அப்படி. நாடு நாடாகப் போய் ஆசியப் போட்டிகளில் கோல்ஃப் ஆடுகிறவளுக்கும் அதே சட்டம்தான். மாமியார் அவளுக்கு வைத்த பெயர் மட்டைக்காரி.

அந்த ஆட்டத்தில் கூடவே பை தூக்கி வருகிறவரைக் கேடி என்பார்கள். முன்பு ஒரு பெரியவர் தூக்கினார். அந்நிய ஆண் பின்னால் வருவதாவது என்று கல்யாணமான மாதமே அவரை நிறுத்திவிட்டு, கணவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "எம்புள்ளையப் போய்க் கேடிங்கறாங்களே" என்று மாமியாருக்கு மனக்குறை. எவ்வளவு பொருத்தமான பெயர் என்று போன ஞாயிற்றுக்கிழமைகூட மருமகளுக்குத் தெரியவில்லை.

அன்று கடைசிச் சுற்று. முதல் ஐந்து பேருக்குள் வந்தால் அடுத்த வருஷம் எல்லாப் போட்டியிலும் இடம் நிச்சயம். மூன்றாவதாக முடித்தாள். ஒருவர் எத்தனை முறை அடித்தார் என்பதை உடன் ஆடுகிறவர் அட்டையில் குறிப்பார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது குழிக்கு எத்தனை என்று உடன் ஆடியவள் தடுமாறியபோது, "நாலு" என்றான் கணவன். "நான் பாத்துட்டேன், போடு" என்று அட்டையை மனைவியிடம் நீட்டினான். போட்டாள். கேமராவில் பார்த்தால் ஐந்து. குறைத்துக் காட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டவரை அந்தப் போட்டியை விட்டே தள்ளுவது விதி. தள்ளினார்கள். "கையெழுத்து உங்களோடது. வேற யாரையும் நாங்க கேக்க முடியாது" என்றார் நடுவர்.

மறுநாள் பத்திரிகைகள் அவளைத் திருடியாக்கின. கணவனோ வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தான்: "நான் சொன்னா அப்படியே போட்டுடுவியா? நீ படிச்சுப் பாத்திருக்க வேணாமா?"

அதனால் இப்போது படித்தாள்.

"என்னடி அது, புருஷன் மேல நம்பிக்கை இல்லையா?"

"படிக்கிறேன் அத்தை."

'ஆட்டத்தில் நேர்ந்த அவமானத்தால் மனம் சோர்ந்து, இனிப் போட்டிகளில் ஆடுவதில்லை என்று என் சொந்த விருப்பத்தின் பேரில் முடிவு செய்திருக்கிறேன்.' மேலே தேதி. சனிக்கிழமைத் தேதி.

தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்துத் தேதியைத் தொட்டுக் காட்டினாள்.

"ஞாயித்துக்கெழம நடந்ததை சனிக்கெழமையே எப்படீங்க எழுதினீங்க?"

கணவன் தாளைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். மாமியார் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"நான்தான் எழுதி வைக்கச் சொன்னேன். ஜெயிச்சுட்டு வந்தா நீ வீட்ல அடங்குவியா? ஒரு புள்ளையப் பெத்துக் குடுப்பியா? பேரு கெட்டாத்தான் உன் காலு நிக்கும்."

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"அடுத்த மாசம் தகுதிச் சுற்று இருக்கு. அடியிலேருந்து ஆடி வர்றேன். பையை நானே தூக்கிக்கறேன்."

"பாஸ்போர்ட்டு என் பீரோல இருக்குடி, மட்டைக்காரி."

"தெரியும் அத்தை. பூட்டி வச்சிருக்கீங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன்." தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். "பயப்படாதீங்க. புகார்ல ஒவ்வொரு வரியும் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."