பதினொன்றரைக்கு உண்ட ரொட்டி

கதிரவன் உச்சியை நெருங்கும் வேளை. வானுயர்ந்த மாடங்களின் கண்ணாடிகளில் தெறித்த ஒளி நகரத் தெருக்களை வெள்ளியாய் உருக்கி ஓடவிட்டிருக்க, அவ்வொளியில் ஒரு துளியும் எட்டாத மருத்துவமனைக் கீழ்த்தளத்தில், தடித்த சுவர்களின் நடுவே, கதிர்வீச்சுப் பொறி விடியல் முதல் பழுதுற்றுக் கிடந்தது.

வாயிலின் புறத்தே, தாயின் தோளில் சாய்ந்து நீள்பலகையில் அமர்ந்திருந்தாள் குருவி. அகவை ஐந்து. பல இலட்சம் பிள்ளைகளுள் ஒருவருக்கே வரும் கட்டியொன்று அவள் மூளையின் அடியில் வேரோடியிருந்தது. அதற்கு முப்பது நாள் கதிர். உடன் நரம்புவழி மருந்து. அம்மருந்து குருதியணுக்களைக் குறைத்ததால் முன்னரே நான்கு நாள் வீணாயின. இன்னொரு நாளையும் இழக்கலாகாதென்று தலைமை மருத்துவர் கூறியிருந்தார். அசையாதிருக்க நாள்தோறும் அவளை மயக்கத்தில் ஆழ்த்துவர். அதற்கு வெறுவயிறு வேண்டும். மூளை வீக்கம் தணிக்கத் தந்த மாத்திரையோ காட்டுத்தீயெனப் பசியை மூட்டியிருந்தது.

"அம்மா, பசிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கடி தங்கம்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. உனக்கு வேற பேச்சே தெரியாதா?"

பொறியாளர் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "இன்னைக்கு நடக்கும்னு தோணலம்மா."

தாய் பையைத் திறந்தாள். பதினொன்றரை மணி. குருவி ரொட்டி முழுவதையும் தின்று, விரல்களையும் விடாது நக்கினாள்.

கால்மணி கழிந்ததும் பொறி சீராகி, வாயிலின் மேல் பச்சை விளக்கு எரிந்தது. மயக்க மருத்துவர் வந்தார்.

"பாப்பா எதுவும் சாப்பிடலையே?"

'இல்லை' என்னும் சொல் தாயின் நாநுனிவரை வந்து நின்றது. மயக்கத்தில் உணவு மேலெழுந்தால் மூச்சையே அடைக்கும் என்பதை அவள் அறிவாள்.

"சாப்பிட்டா. இப்பதான், பதினொன்றரைக்கு. நடக்காதுன்னு இவர்தானே சொன்னார்!"

"தோணலன்னுதாம்மா சொன்னேன்..." பொறியாளர் தலை கவிழ்ந்தார்.

மருத்துவர் கடிகாரத்தை நோக்கினார். "சாப்பிட்டு ஆறு மணி நேரம் போகணும். அஞ்சரை ஆயிடும். அஞ்சுக்கு மேல மயக்கம் குடுத்தா, தெளியற வரைக்கும் பாத்துக்க இங்க ஆளில்லம்மா."

"அரைமணி நேரங்க! வெறும் அரைமணி! பொறி காலையிலேருந்து எங்க நேரத்தைத் தின்னுச்சே, அதை யாரு கேட்டீங்க?"

மருத்துவர் அன்றைய பட்டியலில் குருவியின் பெயரை அடித்தார். பொறியாளரையும், பச்சை விளக்கையும், ரொட்டியை நீட்டிய தன் கையையும் மாறிமாறி நோக்கிய தாய், முழுப் பழியையும் சுமத்த ஒருவரையும் காணாது பற்களைக் கடித்தாள். குற்றம் ஓரிடத்தில் நில்லாதபோது, சினம் போக்கிடமின்றித் தன்னைக் கொண்டவரையே தின்கிறது.

அவள் குனிந்து நோக்கியபோது குருவி அவள் மடியில் தலைசாய்த்து உறங்கிப்போயிருந்தாள். வயிறு நிறைந்த உறக்கம். பல நாள்களுக்குப் பின் வந்த உறக்கம். தொட்டால் கலைந்துவிடும் உறக்கம். உதட்டோரம் ஒரு துகள். பத்தடி தொலைவில் கதவு திறந்தே இருந்தது.

அடுத்த பிள்ளையை அழைத்தார்கள். தாய் அசையாது அமர்ந்திருந்தாள்.